மகளை மறிக்க மொன்றியல் போன கதை

விமானத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா பயந்துபோய் பணிப்பெண்ணைக் கூப்பிட்டது என்னால்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஹீத்ரோவில் இருந்து மொன்றியலுக்கு ஏழு மணித்தியாலம் இருபது நிமிடம். அதில் முதல் மூன்று மணித்தியாலம் நான் கண்ணை மூடிக்கொண்டு, மகளுக்குச் சொல்லவேண்டிய புத்திமதியை ஒத்திகை பார்த்தேன். மனதுக்குள் பார்ப்பதாகத்தான் நினைப்பு. பார்த்தால், வாய்விட்டுச் சொல்லி, கையையும் ஆட்டி, "வேண்டாம் எண்டால் வேண்டாம்!" என்ற இடத்தில் முன் இருக்கைக்கும் ஒரு தட்டுப் போட்டிருக்கிறேன்.

பணிப்பெண் குனிந்து, "யாரோடு பேசுகிறீர்கள், சேர்?" என்று கேட்டார்.

"மகளோடு."

"அவர் எங்கே?"

"மொன்றியலில்."

ஒரு கிளாஸ் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. மிச்ச நாலு மணித்தியாலமும் நான் ஆடாமல் அசையாமல் கோயில் சிலை மாதிரி இருந்தேன்.

பயணத்தின் காரணம் இதுதான். என் மகள் ஜனனிக்கு இருபத்தேழு வயது. பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற சின்னப் பட்டணத்தில். மேற்படிப்புக்காகப் போன வருடம் மொன்றியல் போனாள். போவதற்கு முதல் அந்தப் பட்டணத்து ஆற்றில் கழிவுநீர் விடுகிறதை எதிர்த்து, போத்தல் போத்தலாகத் தண்ணீர் அள்ளிப் பரிசோதித்துக்கொண்டு திரிந்தவள். சூழலைப் பற்றிக் கதைக்கிற ஒரு கட்சியோடு அப்போதே சேர்ந்துவிட்டாள். பெயர் போடவேண்டாம் என்கிறாள், ஆகவே பச்சைக் கட்சி என்று மட்டும் சொல்கிறேன். கொழும்பு யானைக் கட்சியின் பச்சை இல்லை, இது மரம் செடி கொடிப் பச்சை. அவர்கள் இப்போது அவளை எங்கள் பட்டணத்தில் வருகிற நகரசபைத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

என் மனைவி தீர்மானமாகச் சொன்னா: "போனில கதைச்சால் அவள் உங்களை வெண்டுபோடுவாள். நேர போய் மறிச்சுப்போட்டு வாங்கோ."

மறிக்கவேண்டும் என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் தலைமுறைக்கு தேர்தல் நோட்டீஸ் என்றால் வயிறு கலங்கும். நாங்கள் விட்டுவந்த ஊரில் நோட்டீஸில் பெயர் வந்த இரண்டு பேரை எனக்கு நேரில் தெரியும். இரண்டு பேருக்கும் இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். இங்கிலாந்து அப்படி இல்லை என்று மூளைக்குத் தெரியும். வயிற்றுக்கு யார் சொல்வது?

இன்னொன்று. நான் இருபத்திரண்டு வருடமாகப் பெற்றோல் செற் மனேஜர். பெற்றோல் விற்று வளர்த்த பிள்ளை பெற்றோலே வேண்டாம் என்கிற கட்சியில் நிற்கப் போகிறது. விமானப் புகை பூமிக்குக் கூடாது என்று ஒரு வருடமாக வீட்டுக்கே வராதவள் அவள். அவளுக்கும் சேர்த்து நான் புகை விட்டுக்கொண்டு போனேன்.

இனி வழி. பிரிட்டிஷ் பாஸ்போட்காரருக்கு விசா தேவையில்லை, ஆனால் இணையத்தில் ஏழு டொலர் கட்டி ஒரு அனுமதி எடுக்கவேண்டும். எனக்கு அது பத்து நிமிடத்தில் கிடைத்தது. ஜூன் இரண்டாம் கிழமை, புதன்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு இறங்கினேன். விமான நிலையத்துக்கு வெளியே 747 பஸ் நிற்கும். நான் போன நேரம் பதினொரு டொலர் எடுத்தார்கள், அந்த ரிக்கெற் இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு பஸ், மெற்றோ இரண்டுக்கும் செல்லும். லியோனல்-குறூவில் இறங்கி, ஒறேஞ் லைனில் ஸ்னோடன் வரை போய், அங்கே புளூ லைனுக்கு மாறினால் பார்க் மெற்றோ. வீட்டு வாசலில் நிற்கும்போது ஏழே கால்.

வீடு என்றால் மகளின் அறை இல்லை, அதில் ஒரு ஆளுக்குத்தான் இடம்; பார்க் எக்ஸ்டென்ஷனில் தவம் அண்ணையின் வீடு. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. மூன்றாம் மாடி, லிஃப்ற் இல்லை. என் இரண்டு பெட்டிகளையும் பார்த்துவிட்டு படியின் மேலே நின்றே கேட்டார்: "டேய் சிவா, பெற்றோல் செற்றையும் கழட்டிக் கொண்டுவந்தனியோ?"

தவம் அண்ணை முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே. லாசாலில் ஒரு பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. சாப்பிடும்போது மகளின் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்துப் பகுதியான வில்லரேயில் ஒரு மண்டபத்தில் ஜனனி பேசுகிறாள், தலைப்பு 'இங்கிலாந்துக்காரர் என்றால் யார்?'

"ஆர்?" என்றார் அண்ணை.

"அதைத்தான் அவள் சொல்லப்போறாளாம். தான் இங்கிலிஷ்காரி எண்டுறாள். பிரிட்டிஷ் இல்லையாம், இங்கிலிஷாம்."

அண்ணை குழம்பை ஊற்றிக்கொண்டே யோசித்தார். "நான் இஞ்ச வந்து இவ்வளவு காலம். பிரெஞ்சில சண்டையும் பிடிப்பன். ஆனா ஒருநாளும் 'நான் கெபெக்குவா, இந்த மாகாணத்துக்காரன்' எண்டு வாய் திறந்து சொன்னதில்லை. என்ர பெடியன் ஹொக்கி பாக்கேக்க தண்ணி குடிக்கிற மாதிரிச் சொல்லுறான்."

"சொன்னால் என்ன அண்ணை?"

"சிரிச்சுப்போடுவாங்களோ எண்டு பயம்."

"சிரிச்சால்?"

"நீ சாப்பிடு."

வியாழக்கிழமை மகள் என்னை மலைக்குக் கூட்டிப்போனாள். பார்க் மெற்றோவில் 80ஆம் இலக்க பஸ் எடுத்து, இறக்கை விரித்த சம்மனசு, அதுதான் தேவதூதர், நிற்கிற பெரிய சிலையடியில் இறங்கி நடந்தால் மேலே பார்வையிடம் ஐம்பது நிமிடம். இளமையானவர்களுக்கு முப்பத்தைந்து. என்னோடு வந்தால் எழுபது.

அந்த எழுபது நிமிடத்தில் மூன்று தடவை பேச்சைத் தொடங்கினேன். முதல் தடவை மூச்சு வாங்கியதில் "பிள்ளை" என்பதற்கு அப்பால் போக முடியவில்லை. இரண்டாம் தடவை ஒரு அணில் என் கையில் இருந்த மிக்சர் பையை நேரே வந்து பிடித்தது. மூன்றாம் தடவை, மேலே போய்ச் சேர்ந்து, நகரம் முழுக்கக் கீழே விரிந்து கிடக்க, தொண்டையைச் செருமும்போது யாரோ ஒரு சோடி வந்து தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்துத் திரும்பினால் ஜனனி தொடங்கிவிட்டாள்.

"இஞ்ச இருக்கிற ஆக்களைப் பாருங்கோ அப்பா. எங்கட நாடு எண்டு சொல்ல வெக்கப்படமாட்டினம். ஆறு, காடு, பனி, பாஷை எல்லாம் சேர்த்துச் சொல்லுவினம். எங்கட பக்கத்தில நல்ல ஆக்கள் இங்கிலாந்து எண்டாலே வாயை மூடிப்போடுவினம். அதால அந்தச் சொல்லை கத்துற ஆக்கள் எடுத்துக்கொண்டு போயிட்டினம்."

"இஞ்சயும் 'எங்கட' எண்டதுக்குள்ள ஆர் ஆர் எண்டு சண்டை இருக்காம். தவம் அண்ணை சொன்னவர்."

"ஓம், இருக்கு. ஆனா சண்டை பிடிக்கினம்தானே. நாங்கள் பிடிக்காமலே விட்டுட்டம்."

"விட்டால் விட்டுட்டுப் போகட்டும். எங்களுக்கு என்ன?"

"அந்த ஆத்துத் தண்ணியிலதானே அப்பா நீங்கள் தேத்தண்ணி போடுறீங்கள்?"

அவள் மேற்படிப்பு, நான் பத்தாம் வகுப்பு. இறங்கி வந்துவிட்டோம். (இறங்க நாற்பது நிமிடம். முழங்கால் வருத்தக்காரர் மலைக்கு மேலேயே 11ஆம் இலக்க பஸ் போகிறது என்பதை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.)

வெள்ளி காலையில் வில்லரேயின் பச்சை ஒழுங்கைகளைக் காட்டினாள். வீடுகளின் பின்பக்கம் கார் போகிற ஒழுங்கைகள்தான். அந்தந்த ஒழுங்கைக்காரர் சேர்ந்து, நகரசபையிடம் கேட்டு, தாரைக் கொத்தி எடுத்துவிட்டு மண் போட்டு நட்டிருக்கிறார்கள். தக்காளி, புதினா, திராட்சைக் கொடி, பிள்ளைகளுக்கு ஒரு ஊஞ்சல். போய்ப் பார்க்க காசு இல்லை. ஒரு கிழவர் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார், போத்துக்கல்காரராம். என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் குழாயை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். கோப்பி குடிக்கப் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. கால் மணித்தியாலம் நான் மொன்றியலுக்குத் தண்ணீர் விட்டேன்.

"இதுதான் அப்பா நான் சொல்ல வாறது. ஆர் எந்த ஊர் எண்டு அவர் உங்களைக் கேக்கேல்லை. தண்ணி விடுவீங்களோ எண்டுகூடக் கேக்கேல்லை."

சந்தர்ப்பம் என்று நினைத்தேன். "சரி. இதைச் சொல்ல தேர்தலில நிக்கவேணுமே பிள்ளை? சும்மாவும் சொல்லலாம்தானே?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா அனுப்பினவவோ?"

"ச்சே. நான் சுத்திப் பாக்க வந்தனான்."

"ரெண்டு நாளா தொண்டையைச் செருமிக்கொண்டு?"

"அது இஞ்சத்தைக் காத்து."

கூட்டம் ஆறரைக்கு. நாற்பது மடக்குக் கதிரை, முப்பத்தைந்து பேர் வரை வந்திருந்தார்கள். தவம் அண்ணை கோட் போட்டுக்கொண்டு வந்து முன் வரிசையில் என்னை இருத்தினார். ஜனனி ஆங்கிலத்திலும் நடுவில் பிரெஞ்சிலும் பேசினாள். எனக்குப் பாதி விளங்கியது. ஒரு நாடு இரத்தம் இல்லை, ஒரே ஆற்றில் குடிக்கிறவர்கள் என்றாள். வேலி நடுகிறவர், வாய்க்கால் துப்பரவாக்குகிறவர், சீனி எடுக்கிற கிழங்குத் தோட்டத்தில் வந்து வேலை செய்கிறவர், எல்லாரும் சேர்ந்தது இங்கிலாந்து என்றாள். நன்றாகத்தான் இருந்தது. அவள் நின்ற விதம், பள்ளிக்கூட மேடையில் பேசுகிற என் தங்கச்சி மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு திரையில் ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு வாசல். கேற்றுக்குப் பக்கத்தில் அவரைச் செடி படரவிடுகிற தடி. தடியில் வெள்ளையில் சிவப்புச் சிலுவைக் கொடி, இங்கிலாந்துக் கொடி.

"நான் ஒரு வருடமாக இந்தக் கொடி யாருக்குச் சொந்தம் என்று புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்" என்றாள் ஜனனி. "என் அப்பா யாரிடமும் கேட்காமல், அவரைக்குக் கட்டுகிற கயிற்றால் அதைக் கட்டிவிட்டார். நான் தேடிய பதில் அதுதான்."

கைதட்டினார்கள். தவம் அண்ணை என் தொடையில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு உண்மை சொல்லவேண்டும். போன செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை, ஏணியோடு நாலைந்து பேர் வந்து எங்கள் தெருவின் லைற் கம்பம் எல்லாவற்றிலும் அந்தக் கொடியைக் கட்டினார்கள். வெளியில் இருந்து வந்தவர்களைத் திரும்பிப் போகச் சொல்லிக் கத்துகிறவர்கள் பிடிக்கிற கொடி அது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் 'மோர்னிங்' கூடச் சொன்னார். நான் பின்னேரமே கடைக்குப் போய் ஐந்து பவுணுக்கு ஒரு கொடி வாங்கிவந்து கட்டிவிட்டு, உள்ளே வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ஊரில் எங்கள் ஒழுங்கையால் எந்த ஊர்வலம் போனாலும், அந்த நிறத்தில் ஒரு துண்டை கேற்றில் கட்டுவோம். அன்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. மழைக்குக் குடை பிடிப்பது போல ஒரு பழக்கம். எந்தக் கொடி என்று நான் பார்த்ததே கிடையாது. மனைவி படம் எடுத்து மகளுக்கு அனுப்பியதும், அவள் இதயம் இதயமாகப் பதில் போட்டதும் எனக்குத் தெரியும். அது இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது.

கேள்வி நேரத்தில் பின்னால் இருந்து ஒரு பெண் எழும்பினார். பள்ளிக்கூட ரீச்சர் மாதிரி இருந்தார். "கேள்வி உங்களுக்கு இல்லை, உங்கள் அப்பாவுக்கு. ஐயா, ஏன் கட்டினீர்கள்?"

முப்பத்தைந்து தலை திரும்பியது. ஜனனி மேடையில் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் எழும்பினேன். தெரிந்த ஆங்கிலம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"அவரைக்காய்க் காலம் முடிந்துவிட்டது" என்றேன். "தடி சும்மா நின்றது."

மண்டபம் சிரித்து, மறுபடி கைதட்டியது. மகள் கண்ணைத் துடைத்தாள். நான் இருந்துவிட்டேன்.

கூட்டம் முடிய எட்டு மணி. ஜூன் என்றபடியால் நல்ல வெளிச்சம். தவம் அண்ணை காரில் போக, நானும் மகளும் ஜாரி பூங்காவுக்குள்ளால் நடந்தோம். அண்ணை வீட்டுக்கு நடை இருபத்தைந்து நிமிடம். பூங்காவில் கிரிக்கெற் அடிக்கிறார்கள், கோழி சுடுகிறார்கள், குளத்தடியில் வாத்து. ஜனனி துள்ளிக்கொண்டு வந்தாள். "இனி எனக்கு யோசினை இல்லை அப்பா. ஓம் எண்டு சொல்லப்போறன். அந்தப் படத்தையே நோட்டீஸிலயும் போடுவம்."

நான் அவள் கையைப் பிடித்தேன். நோட்டீஸ் என்ற சொல்லுக்கு இல்லை. அந்தப் படத்துக்கு.

"பிள்ளை, நில்லு. அந்தக் கொடி நான் பயத்தில கட்டினது."

"என்ன?"

"அவங்கள் ஏணியோட வந்தவங்கள். நான் பயந்துபோனன். அதுதான். வேற ஒண்டும் இல்லை."

அவள் நடையை நிறுத்திவிட்டாள். "அப்ப நான் இவ்வளவு பேருக்கும் பொய் சொல்லியிருக்கிறன்."

"நீ சொல்லேல்லை. நான்தான்."

"அங்கயே சொல்லியிருக்கலாமே? கேட்டவதானே?"

"உன்ர கூட்டம் பிள்ளை. என்னண்டு சொல்லுறது?"

அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பூங்கா முடிந்தது. ரயில் பாதையைக் கடந்தோம். ஜோன்-தலோன் தெருவில் சேலைக் கடை, நகைக் கடை, மரக்கறிக் கடை எல்லாம் தாண்டினோம். நான் நினைத்தேன்: வந்த வேலை முடிந்தது. இனி இவள் நிற்கமாட்டாள். மனைவிக்கு நல்ல செய்தி சொல்லலாம். ஆனால் அவள் தோள் இரண்டும் விழுந்த மாதிரி நடந்ததைப் பார்க்க, அந்த நல்ல செய்தி எனக்கு வேண்டாம் போல இருந்தது.

ஒரு தெப்பனர் வாசலில், அதுதான் அங்கத்தைய மூலைக்கடை, அவள் நின்றாள். "எவ்வளவு பயம்?"

"அண்டைக்கு இரவுச் சாப்பாடு இறங்கேல்லை."

"முப்பத்தஞ்சு வருசம் அங்க இருந்தும்?"

"ஓம்."

அவள் என் கோட் கொலரைச் சரிசெய்தாள். சின்ன வயதில் நான் அவளுக்குச் செய்வது. "அப்ப அந்தக் கதையைத்தான் சொல்லவேணும். ஒரு மனிசன் தன்ர வீட்டுக் கேற்றில பயந்து கொடி கட்டவேண்டி வந்தால், நாங்கள் திருத்தவேண்டியது அந்த மனிசனை இல்லை. படம் அதே படம். கதையை மாத்துறன்."

"என்ர பேரைப் போட்டுடாத."

"அப்பா, உங்கட பேர்தானே என்ர குடும்பப் பேர்! வோட்டுச் சீட்டில சிவகுமார் எண்டு கொட்டை எழுத்தில வரும்."

அங்கேயே நின்று, நிற்கச் சம்மதம் என்று கட்சிக்குப் போனில் எழுதி அனுப்பினாள். எட்டு மணி நாற்பது. நான் கடைக்குள் போய் அவளுக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கினேன், நாலு டொலர் சொச்சம். இருபத்தேழு வயது வேட்பாளருக்கு அதைவிட என்ன வாங்கிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மனைவிக்கு அடுத்தநாள் காலைதான் சொன்னேன். "மறிச்சீங்களோ?" என்று கேட்டா. "நல்ல படமாப் போடச் சொன்னனான்" என்றேன். போன் வைக்கிற சத்தம் அத்திலாந்திக் தாண்டிக் கேட்டது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஜூன் மாதம் குளிர் உடுப்பு வேண்டாம், நான் போன கிழமை இருபத்தெட்டு பாகை. நாலைந்து நாள் நிற்கிறதென்றால் மெற்றோவுக்கு ஒவ்வொரு தடவையும் ரிக்கெற் வாங்காமல் மூன்று நாள் பாஸோ கிழமைப் பாஸோ எடுங்கள். கடைக்குள் போனால் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள், அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் கதைத்தாலும் முகம் மலரும். சாப்பாட்டுக்குப் பார்க் எக்ஸ்டென்ஷன் போதும்: கொத்து ரொட்டி பன்னிரண்டு டொலர், இரண்டு பேருக்குக் காணும். மலைக்குக் காலை ஒன்பதுக்கு முதல் போங்கள், மிக்சரை மறைத்து வையுங்கள். பச்சை ஒழுங்கைகளில் சத்தம் போடாமல் நடக்கவேண்டும், அது ஆட்களின் வீட்டுப் பின்வளவு. யாராவது குழாயைத் தந்தால் வாங்குங்கள். பிள்ளையை மறிக்கப் போகிறதென்றால், திரும்பிவரும் ரிக்கெற்றை மாற்றக்கூடிய மாதிரி எடுங்கள். நான் இரண்டு நாள் கூட நின்று, அவளுடைய முதல் நோட்டீஸை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனனிக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. அந்தத் துணிவில் கடைசியாக இதை எழுதுகிறேன். தெப்பனர் வாசலில் எல்லாவற்றையும் சொன்ன நான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. டிசம்பர் நத்தாருக்கு முதலே எங்கள் தெருவில் இருந்த கொடிகள் எல்லாம் கிழிந்தும் கழன்றும் போய்விட்டன. கம்பங்கள் வெறுமையாக நின்றன. பெப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, புயல் அடித்து என்னுடையதும் அறுந்து பக்கத்து வீட்டு வேலியில் தொங்கியது. தெருவில் ஒரு குருவிகூட இல்லை. பயப்பட யாரும் இல்லை. நான் செருப்போடு மழைக்குள் இறங்கிப் போய், அதை எடுத்து, உதறி, திரும்பவும் அந்தத் தடியில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.